கொழும்பில் வீடெடுத்துத் தங்க வரும் பிள்ளைகளுக்கு

டிசம்பர் மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் சூட்கேஸ் இல்லாத ஆளைக் காண்பது அரிது. ரொறொன்ரோவிலிருந்து கலியாணத்துக்கு வந்த கூட்டம், சென்னையிலிருந்து மூன்று நாள் லீவில் வந்த பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் இறங்கி விடிந்ததும் விசா அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள், முதுகில் பெரிய பையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள். வைஃபை பாஸ்வேர்ட் என்ன, சாவி எந்தப் பெட்டியில் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் இந்தக் கட்டடத்தின் நிர்வாகக் கூட்டத்துக்கு நான் செயலாளர், அவ்வளவுதான். மகன் வெளிநாடு போன பிறகு அவனுடைய அறையை நானும் ஏர்பிஎன்பியில், வீட்டையோ அறையையோ நாள் கணக்கில் வாடகைக்கு விடும் அந்த ஆப்பில், போட்டிருக்கிறேன். ஆகவே வாடகைக்கு விடுகிறவளின் கணக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரியின் எரிச்சலும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எதை எடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

ஆப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளை விரிப்பு, ஒரு பூச்சாடி, ஜன்னலில் கடல். உண்மையில் கொழும்பில் கிடைப்பது மூன்று வகை. ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை. வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ், வாசல் மட்டும் தனி. அப்புறம் யாருமே குடியிருக்காத முழு ஃபிளாட். மூன்றாவது வகைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வேறு நாட்டில் இருப்பார். இங்கே ஒரு பொடியன் சம்பளத்துக்கு நின்று ஏழெட்டு வீடுகளின் சாவியை வைத்து ஓடித் திரிவான்.

ஏர்பிஎன்பி தொடங்கியது முதல் வகையில். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் தடுமாறிய இரண்டு இளைஞர்கள், ஊரில் ஒரு டிசைன் மாநாடு நடந்து ஹொட்டேல்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, தங்கள் வீட்டுக்குள் காற்றடித்த மெத்தை போட்டு ஆட்களைத் தங்கவைத்தார்கள். இன்று கொழும்பில் நீங்கள் தேடும்போது முன்னால் வந்து நிற்பது மூன்றாவது வகை.

கண்டுபிடிப்பது லேசு. வீட்டுக்காரரின் பெயரைத் தட்டுங்கள். அவருக்கு வேறு எத்தனை இடம் இருக்கிறது என்று வரும். ஒரே திரைச்சீலை, ஒரே கதிரை, ஒரே சுவர்ப்படம் நான்கு வீடுகளில் தெரிந்தால் அது ஒரு வியாபாரம். பழைய விருந்தாளிகள் எழுதியதைப் படியுங்கள். ‘அன்ரி காலையில் பிளேன்டீ தந்தா’ என்று ஒருவராவது எழுதியிருந்தால் அங்கே ஆள் இருக்கிறது. எல்லோரும் ‘சாவிப் பெட்டி எளிதாக இருந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இல்லை.

முழு ஃபிளாட்டே எடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். எட்டுப் பேர் கலியாணத்துக்கு வந்தால் என் மகனின் அறைக்குள் எப்படிப் படுப்பது? ஆனால் ஒருவராகவோ இருவராகவோ வருகிறீர்கள் என்றால் அறையை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

போடிங் பிள்ளைகளின் கதை

நான் சாவகச்சேரியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தபோது இருந்தது பம்பலப்பிட்டியில் ஒரு போடிங்கில், அதாவது மாத வாடகைக்கு அறை விடும் வீட்டில். ஓர் அறையில் மூன்று கட்டில், ஒரு அலுமாரி. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கார அன்ரி கேற்றைப் பூட்டிவிடுவா. அந்த அறை இல்லாவிட்டால் எனக்குக் கொழும்பும் இல்லை, வேலையும் இல்லை. வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கிருந்தோ வந்து இந்த நகரத்தில் கால் ஊன்றிய தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இப்படி ஒரு போடிங் கதை இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அப்படி ஒரு வீடு இருந்தது. நான்கு பெண் பிள்ளைகள். இரண்டு பேர் வங்கியில், ஒருத்தி கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி தாதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் படியேறினால் சாம்பிராணி மணக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதும், கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தார். ரூபாயில் வரும் மாத வாடகையைவிட டொலரில் வரும் பத்து இரவுக் காசு அதிகம். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக்காக அவர் அங்கே இரண்டு வேலை செய்தவர். பிள்ளைகளுக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தார், முன்பணத்தையும் ஒழுங்காகத் திருப்பினார். பிள்ளைகள் நகரத்துக்கு வெளியே மகரகமவுக்குப் போனார்கள். இப்போது 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். தாதிப் பிள்ளையை ஒரு நாள் சந்தையடியில் கண்டேன். இரவு வேலை முடிந்து வீடு போய்ச் சேருவதுதான் வேலையைவிடக் களைப்பு என்றாள்.

வாடகை ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் பொய். சீமெந்து, கம்பி, வட்டி எல்லாமே அந்த வருடம் ஏறின. கொம்பனித்தெருவில் உயர் கோபுரங்கள் எழும்பிய கதையும் வேறு. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபை அங்கே இருந்த குடும்பங்களை எடுத்துத் தெமட்டகொடைப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் வைத்தது; அதைச் செய்தது ஏர்பிஎன்பி இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் மின்கம்பத்தில் பசை போட்டு ஒட்டும் ‘வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அறை உண்டு’ என்ற துண்டுக் காகிதம் குறைந்துபோனதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

மற்ற ஊர்கள் சும்மா இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 30 இரவுக்கு மேல் விட முடியாது. நியூயோர்க்கில் 2023 செப்டெம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சலோனா மேயர் 2024இல், சுற்றுலா வீடுகளுக்குக் கொடுத்த 10,101 அனுமதிகளில் ஒன்றையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். எனக்கு நியூயோர்க் சட்டம் பிடித்திருக்கிறது. பார்சலோனா செய்வது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். இலங்கைக்கு டொலர் வேண்டும், அதை யாரும் மறுக்கமுடியாது. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டில் ஈஸ்டர் குண்டு, கொரோனா, பெற்றோல் கியூ எல்லாம் தாண்டி 2024இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தொட்டோம்.

காசு கட்டுவதற்கு முன் கேட்பது

இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘வணக்கம். நாங்கள் இரண்டு பேர், மூன்று இரவு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் உங்கள் இடம் பதிந்திருக்கிறதா? கட்டடத்து நிர்வாகத்துக்குத் தெரியுமா? கரண்ட் பில் வாடகைக்குள் அடங்குமா? குப்பையை எங்கே கொடுப்பது? இரவு 11க்குப் பிறகு வந்தால் கதவு திறப்பது யார்?’

பதிலை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஹோம்ஸ்டே, வாடகை வீடு, வாடகை அப்பார்ட்மென்ட் என்று அதிகாரசபையில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு; பதிந்தவர் இலக்கத்தை உடனே அனுப்புவார். பதியாத நல்ல மனிதரும் இருக்கிறார்கள், அவர்கள் ‘இன்னும் இல்லை தம்பி’ என்று நேரே சொல்லிவிடுவார்கள். நீங்கள் தள்ளிப்போக வேண்டியது, ‘செக்யூரிட்டி கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லுங்கோ’ என்று சொல்லித்தருபவரை விட்டு. எங்கள் வாசலில் தங்க நிறத் தலைமயிரோடு ஒரு பையன் வந்து நின்று, தான் நான்காம் மாடிக்காரரின் கசின் என்று சாதித்தான். செக்யூரிட்டி ஐயா நெற்றியில் கைவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பையனில் என்ன பிழை? வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

ஆப்புக்கு வெளியே வட்ஸ்அப்பில் வந்து ‘நேரே வங்கியில் போடுங்கோ, குறைத்துத் தாறன்’ என்பவருக்குப் போடாதீர்கள். வந்து பார்த்தால் வீடே இல்லாமல் இருக்கலாம்.

ஜெனரேட்டர் இருக்கிறதா, அது லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வேலை செய்யுமா என்றும் கேளுங்கள். 2025 பெப்ரவரி 9 ஒரு குரங்கு பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார். அன்று எட்டாம் மாடிக்குச் சூட்கேஸ் தூக்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

எந்தப் பக்கம் தங்குவது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் தமிழில் பேசியே காலம் தள்ளலாம். காலி வீதியில் ஏறினால் 100, 101 பஸ்கள் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் விடும். ‘கடல் பார்வை’ என்று கூடுதல் காசு கேட்பார்கள். கடலுக்கும் உங்கள் ஜன்னலுக்கும் நடுவில் மரைன் டிரைவ் வீதியும் ரயில் பாதையும் இருக்கின்றன என்று அதில் எழுதமாட்டார்கள். விடியமுதலே ரயில் கூவிக்கொண்டு போகும். எனக்கு அது தாலாட்டு, உங்களுக்கு எப்படியோ. தூக்கம் முக்கியம் என்றால் ஒழுங்கையின் நடுவில் இருக்கும் வீடாகப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையைப் பலர் பார்ப்பதே இல்லை. கோயில், தேவாலயம், பழைய வீடுகள், நல்ல சாப்பாடு, புறக்கோட்டைக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம். குடும்பங்கள் அறை விடும் வீடு அங்கே இன்னும் கிடைக்கிறது. கொழும்பு 2, 3 (கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி) பக்கத்துக் கோபுரங்களில் நீச்சல் குளம் உண்டு. அங்கே தங்கினால் கொழும்பைப் பார்த்தோம் என்று சொல்லாதீர்கள். ஆடி மாதம் வருகிறவர்கள் ஆடிவேல் தேர்த் திருவிழா நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டியார் தெருவிலிருந்து தேர் வரும் நாளில் காலி வீதியில் வாகனம் ஊரும். அதற்காகவே அந்த நாளில் வருகிறவர்களும் உண்டு.

வந்து இறங்கும் இரவு

கட்டுநாயக்காவிலிருந்து கோட்டைக்கு 187 பஸ் உண்டு. நடுச்சாமத்தில் இறங்கினால் பிக்மியிலோ ஊபரிலோ கார் பிடியுங்கள். வாசலில் செக்யூரிட்டி ஐயாவிடம் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லிவிட்டு, கேட்டால் பாஸ்போட்டையோ அடையாள அட்டையையோ காட்டுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் வயதானவர்கள் முன்பின் தெரியாத முகத்தைக் கண்டால் கதவை ஒருக்களித்துப் பார்ப்பார்கள். அதைக் கோபமாக எடுக்காதீர்கள். வெள்ளவத்தை போர்க் காலத்தில் லொட்ஜுகளின் ஊர். வடக்கிலிருந்து வைத்தியத்துக்கும் விசாவுக்கும் வந்தவர்கள் மாதக்கணக்கில் அங்கே காத்திருந்தார்கள், பொலிஸில் பதிந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு. 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் நாட்டின் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதைப் பார்த்த கண்கள்தான் இப்போதும் கதவிடுக்கால் பார்க்கின்றன. 2019 ஏப்ரலில் ஹொட்டேல்களில் குண்டு வெடித்த பிறகு இந்தப் பயம் எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, ‘அன்ரி, ஞாயிற்றுக்கிழமை வரை இங்கே இருக்கிறோம்’ என்று ஒரு வசனம் சொன்னால் போதும். பிறகு உங்கள் பார்சலையும் அவர்களே வாங்கி வைப்பார்கள்.

இருக்கும் நாட்களில்

ஏசியைப் பற்றி ஒரு சண்டை இல்லாத விருந்தாளியை நான் கண்டதில்லை. இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் கூடும். வெளியே போகும்போது அணைக்காமல் போனால் வீட்டுக்காரருக்கு அந்த மாதம் விழுவது பெரிய அடி. ரிமோட்டை 26இல் வையுங்கள். வெயிலுக்கு அது போதும்.

ஒன்பது மணிக்குப் பிறகு பல்கனியில் பாட்டுப் போடாதீர்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மாடியிலும் இருக்கும். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும், அதற்கு முதல்நாளே வாங்கி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். அறை எடுத்திருப்பது சைவ வீட்டில் என்றால் குசினிக்குள் மீன் கொண்டுபோகுமுன் கேளுங்கள். என் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது, மற்ற நாட்களில் எனக்கும் ஒரு துண்டு வைத்தால் சந்தோஷம்.

குப்பைக்கு வருவோம். உக்கும் குப்பை வேறு, பிளாஸ்டிக்கும் போத்தலும் வேறு. கலந்து கட்டினால் மாநகரசபை லொறிக்காரர் எடுக்கமாட்டார். பை வாசலில் கிடக்கும், காகம் கிழிக்கும், நான் கீழே போய்ப் பொறுக்குவேன். இரண்டு நாளுக்கு வந்தவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் கட்டடத்து ஃபிளாட்டுகளைத் துப்புரவு செய்யும் அக்காவின் வீடு மீதொட்டமுல்லப் பக்கம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பின் குப்பை மலை அங்கே வீடுகளின் மேல் சரிந்து 32 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் குப்பை புத்தளம் அருவக்காடு வரை போகத் தொடங்கியது, அங்குள்ள சனம் வேண்டாம் என்று தெருவில் இறங்கியது. நீங்கள் சாப்பிட்ட கொத்து ரொட்டிப் பெட்டிக்கு இவ்வளவு நீளமான பயணம் இருக்கிறது.

அந்த அக்காவைப் பற்றி இன்னொன்று. ஒரு கூட்டம் பதினொரு மணிக்குப் போகும், அடுத்தது இரண்டு மணிக்கு வரும். அந்த இடைவெளியில் மூன்று வீட்டின் விரிப்பையும் மாற்றி, கழிவறையும் கழுவி முடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவா. ஆப்பில் துப்புரவுக்கென்று ஒரு தொகை வெட்டுகிறார்கள், அது அப்படியே அவவின் கைக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஏதாவது கொடுப்பதென்றால் கையில் கொடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்தால் விருந்தாளி மறந்துபோன காசு என்று வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவா.

சாப்பாட்டை ஆப்பில் வரவழைக்காமல் கீழே இறங்குங்கள். ஒழுங்கை முனையில் சைவக் கடையில் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்கும். வாடகைக் காசு கனடாவுக்குப் போனாலும் சாப்பாட்டுக் காசாவது ஒழுங்கையில் நிற்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால்

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் இருந்து வேலை செய்ய வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். நாள் வாடகையில் இருக்காதீர்கள், காசும் வீண். முதல் வாரம் மட்டும் ஒரு அறை எடுங்கள். அப்புறம் நடந்து திரிந்து அனெக்ஸ் தேடுங்கள். கடைக்காரர், கோயில் ஐயர், செக்யூரிட்டி ஐயா மூன்று பேரிடமும் சொல்லி வைத்தால் புரோக்கர் தேவையில்லை. முன்பணமாகச் சில மாத வாடகையைக் கேட்பார்கள். தண்ணீர், கரண்ட் மீட்டர் எண்ணை முதல் நாளே படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்தில் ஒரு பக்கமாவது ஒப்பந்தம் வேண்டும், முன்பணம் எப்போது திரும்பும் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

போகும்போது

காஸ் சிலிண்டரின் வால்வைப் பூட்டுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்ததிலிருந்து எங்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. பல்கனிக் கதவையும் பூட்டுங்கள், உப்புக் காற்று உள்ளே புகுந்தால் ஏசி துருப்பிடிக்கும்.

ஆப்பில் கருத்து எழுதும்போது அடுத்து வருகிறவருக்கு உதவுகிற மாதிரி எழுதுங்கள். ரயில் சத்தம் கேட்குமா, தண்ணீர் எத்தனையாம் மாடி வரை ஒழுங்காக வருகிறது, வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா, பொய் சொல்லச் சொன்னாரா. பக்கத்து வீட்டு வாசலும் இலக்கமும் தெரியும் படத்தைப் போடாதீர்கள். இரவு பத்துக்கு மேல் சத்தம் வேண்டாம் என்று சொன்னதற்காக நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். எனக்கு ஒருவர் குறைத்திருக்கிறார், ‘தாய் மாதிரிக் கண்டிக்கிறார்’ என்று எழுதி. அதைப் படித்துவிட்டு அடுத்த கிழமையே இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக என் அறையைப் பதிந்தார்கள்.